ஊழியர் இடமாற்ற வேலைக்குப் படிக்கப் போய் நான் இழந்ததும் கற்றதும்

பதினொரு மாதமும், ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததில் முக்கால் பங்கும் போன பிறகுதான், கார்ப்பரேட் ரிலொகேஷன் ஸ்பெஷலிஸ்ட், அதாவது மாற்றலாகும் நிறுவன ஊழியர்களையும் குடும்பத்தையும் வேறு ஊருக்கோ நாட்டுக்கோ இடம் மாற்றிவைப்பவர், ஆவதற்கு என்ன படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதினொரு மாதத்தில் ஒருவராவது கூப்பிட்டு உட்காரவைத்து, "முதலில் இதைத் தெரிந்துகொள், அப்புறம் பணம் கட்டு" என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். இப்போது இந்த வழியில் வர நினைப்பவர்களுக்காக நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன் நான் ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். டிக்கெட் போடுவது, தங்கும் இடம் பிடிப்பது, விசா விண்ணப்பத்துக்குக் கடிதம் தயார் செய்வது எல்லாம் என் மேசைக்கு வரும். ஒரு முறை வேறு நாட்டுக் கிளைக்கு மாற்றலான ஒருவரின் குடும்பத்தை முழுக்க நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வீடு, குழந்தையின் பள்ளி, சாமான் அனுப்புவது, அங்கே போனதும் வங்கிக் கணக்கு என்று மூன்று மாதம் அந்தக் குடும்பத்தோடு தினமும் பேசினேன். கிளம்பும் அன்று அந்த அம்மா போன் செய்து, "நீங்க இல்லன்னா நாங்க பாதியிலயே வேண்டாம்னு சொல்லியிருப்போம்" என்றார். அந்த வார்த்தை மனதில் தங்கிவிட்டது. இதுவே முழுநேர வேலையாக இருக்கிறது, இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன என்பது தெரிந்ததும் இதில்தான் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவில் தப்பு இல்லை. அதற்கு அடுத்து எடுத்து வைத்த காலடியில்தான் தப்பு. இணையத்தில் தேடியபோது ஒன்பது மாத டிப்ளமா ஒன்று கண்ணில் பட்டது. பெயரிலேயே ரிலொகேஷன், குளோபல் மொபிலிட்டி எல்லாம் இருந்தது. படிப்பு முடிந்ததும் வேலைக்கு உதவி என்றார்கள். வேலையை விட்டுவிட்டு, சேமிப்பிலிருந்து எடுத்து முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டினேன், ஒரே தவணை என்றால் தள்ளுபடி என்பதற்காக. ஏழு மாதம் வரை பொதுவான மனிதவளப் பாடங்கள்தான் ஓடின. ஆட்கள் தேர்வு, செயல்திறன் மதிப்பீடு, தொடர்புத் திறன். ரிலொகேஷன் என்று வந்தது கடைசி இரண்டு மாதம். அதுவும் சரிபார்ப்புப் பட்டியல்கள், கலாச்சார அதிர்ச்சி பற்றிச் சில வகுப்புகள். பாடம் நடத்தியவர்களில் ஒருவர்கூட ஒரு குடும்பத்தையாவது இடம் மாற்றிவைத்தவர் இல்லை என்பது எட்டாவது மாதம்தான் தெரிந்தது. அதை முதல் நாளே கேட்டிருக்கலாம். எந்தப் படிப்பில் சேரும் முன்பும் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாடம் நடத்துபவர் இந்த வேலையை எங்கே, எத்தனை வருடம் செய்தார்? இந்தச் சான்றிதழைக் கேட்டு ஒரு நிறுவனமாவது விளம்பரம் கொடுத்திருக்கிறதா, காட்ட முடியுமா? இரண்டுக்கும் நேரடிப் பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

முதல் நேர்காணலில் எனக்கு எதிரே இருந்த மேடம் மிகவும் அமைதியாகப் பேசினார். "ஒருத்தர் வேற நாட்டுக்கு அஞ்சு மாசம் போறார். சம்பளம் இங்கேயே போடுறோம். ஆனா அந்தச் செலவை அங்க இருக்கிற நம்ம கிளைதான் ஏத்துக்குது. அங்க அவருக்கு வருமான வரி வருமா?" என்றார். 183 நாள் என்ற எண் எனக்குத் தெரியும். ஐந்து மாதம் அதற்குள் அடங்குகிறது, ஆகவே வரி வராது என்று தைரியமாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நாடுகளுக்கு இடையிலான வரி ஒப்பந்தங்கள் பலவற்றுக்கும் அடிப்படையாக இருக்கும், ஓ.ஈ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தில், 15-ஆம் பிரிவு மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது. பன்னிரண்டு மாதக் காலத்தில் 183 நாளுக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. சம்பளம் தரும் முதலாளி அந்த நாட்டில் வசிப்பவராக இருக்கக் கூடாது. அந்தச் சம்பளச் சுமையை அந்த நாட்டில் உள்ள நிரந்தர அமைப்பு, அதாவது கிளை போன்ற ஒன்று, ஏற்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து நிறைவேறினால்தான் விலக்கு. அவர் கேள்வியிலேயே மூன்றாவது உடைந்துவிட்டது. நான் முதல் நிபந்தனையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது நேர்காணலில் அடி இன்னும் பலமாக விழுந்தது. ஊழியருக்குக் கையில் ஒரு லட்சம் சேர வேண்டும், வரி விகிதம் 30 சதவீதம், வரியையும் நிறுவனமே கட்டும் என்றால் மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டார்கள். ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்றேன். நிறுவனம் கட்டும் வரியும் ஊழியரின் வருமானமாகவே கணக்காகும், அதற்கும் வரி உண்டு. ஆகவே ஒரு லட்சத்தை 0.70-ஆல் வகுக்க வேண்டும், விடை 1,42,857. இதைத்தான் கிராஸ்-அப் என்கிறார்கள். இந்தத் துறையில் ஒரு நாளில் பத்து முறை காதில் விழும் சொல். ஒன்பது மாதப் பாடத்தில் ஒரு முறைகூட வரவில்லை. அன்று பேருந்தில் திரும்பும்போது அழுதேன். வேலை கிடைக்கவில்லை என்ற வருத்தத்தைவிட, இவ்வளவு காலமும் பணமும் கொடுத்து அடிப்படைகூடத் தெரியாமல் இருக்கிறேனே என்ற அவமானம்தான் அதிகமாக இருந்தது.

அந்த அவமானத்தில்தான் இரண்டாவது தப்பையும் செய்தேன். சரி, உலகம் மதிக்கும் சான்றிதழாகவே எடுத்துவிடுவோம் என்று சி.ஆர்.பி. (சர்ட்டிஃபைடு ரிலொகேஷன் புரொஃபஷனல்) தேர்வுக்குத் தயாராக ஆரம்பித்தேன். வேர்ல்ட்வைட் ஈ.ஆர்.சி. என்ற அமைப்பு தரும் தகுதி அது, துறையில் மதிப்புள்ளதும்கூட. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. அந்த அமைப்பு 1964-இல் அமெரிக்காவில் தொடங்கியது, மாற்றலாகும் ஊழியரின் வீட்டை விற்றுத் தரும் சிக்கலை மையமாக வைத்து. அதனால் சி.ஆர்.பி. பாடம் பெரும்பாலும் அமெரிக்காவுக்குள் நடக்கும் இடமாற்றம் பற்றியது. வீட்டு மதிப்பீடு, நிறுவனமே வீட்டை வாங்கிக்கொள்ளும் திட்டங்கள், அடமானக் கடன், அந்த நாட்டின் வரி விதிகள். அங்கே 2018 முதல் நிறுவனம் தரும் சாமான் மாற்றும் செலவுகூட, ராணுவத்தினர் போன்ற சிலரைத் தவிர, ஊழியரின் வரிக்குரிய வருமானமாகிவிட்டது. 2025-இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. அமெரிக்க உள்நாட்டு இடமாற்றத்தில் வேலை பார்ப்பவருக்கு இதெல்லாம் சோறு போடும் அறிவு. நான் போக விரும்பியதோ நாடு விட்டு நாடு போகும் பக்கம். இரண்டு மாதம் படித்து, புத்தகத்துக்கும் பயிற்சிக்கும் பணம் கட்டி, பாதியில் நிறுத்தினேன். அதே அமைப்பு நாடுகளுக்கு இடையிலான இடமாற்றத்துக்கென்றே ஜி.எம்.எஸ். (குளோபல் மொபிலிட்டி ஸ்பெஷலிஸ்ட்) என்ற தகுதியும் தருகிறது என்பதைக் கவனிக்கவே இல்லை.

சான்றிதழ் மோசம் என்று நான் சொல்லவில்லை, இதைத் தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துறையின் எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்று தெரியாமல் சான்றிதழ் வாங்குவதுதான் நஷ்டம்.

பக்கம் என்று எதைச் சொல்கிறேன்? வெளியிலிருந்து பார்த்தால் ரிலொகேஷன் என்பது ஒரே வேலை மாதிரி தெரியும். உள்ளே அது ஐந்தாறு வேலை. பெரிய நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்குள் உட்கார்ந்து இடமாற்ற விதிமுறைகளை, அதாவது பாலிசியை, எழுதி, செலவைக் கணக்கிட்டு, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்பவர்கள் ஒரு பக்கம். அந்த நிறுவனங்களுக்காக மொத்தத்தையும் வெளியிலிருந்து ஒருங்கிணைக்கும் ரிலொகேஷன் மேனேஜ்மென்ட் கம்பெனிகள் இன்னொரு பக்கம். போய்ச் சேரும் ஊரில் வீடு காட்டி, பள்ளி சேர்த்து, பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போகும் டெஸ்டினேஷன் சர்வீஸ் ஆட்கள் தனி. சாமான் கட்டி அனுப்புபவர்கள் தனி. விசா வழக்கறிஞர்கள், வரி ஆலோசகர்கள் வேறு. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய படிப்பு வேறு. பாலிசிப் பக்கத்துக்குக் கணக்கும் மனிதவளமும் தெரிந்திருக்க வேண்டும். டெஸ்டினேஷன் பக்கத்துக்கு அந்த ஊரும் அந்த மொழியும் வாடகைச் சட்டமும் உள்ளங்கை மாதிரி தெரிய வேண்டும். ஐரோப்பாவில் 1998-இல் தொடங்கிய யூரா என்ற சங்கம் இந்தப் பக்கத்துக்குத்தான் அதிகம் பயிற்சி தருகிறது. சாமான் அனுப்பும் பக்கத்துக்கு 1950-லிருந்து இருக்கும் ஃபிடி கூட்டமைப்பு தனிப் பயிற்சிக்கூடமே வைத்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள நான் செலவழித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் எல்லாம் போன பிறகு. இந்தத் துறையில் முப்பது வேலை விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஏதாவது ஒரு பட்டம் வேண்டும் என்றார்கள், எந்தப் பட்டம் என்பதில் யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. மனிதவளம், வணிகம், சட்டம், மொழி எதுவானாலும் சரி. எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. வாடிக்கையாளரோடு நேரடியாகப் பழகிய அனுபவம் கேட்டார்கள். சி.ஆர்.பி., ஜி.எம்.எஸ். வந்த இடங்களில் "இருந்தால் நல்லது" என்றுதான் இருந்தது. என் டிப்ளமாவின் பெயர் முப்பதிலும் இல்லை. படிப்புக்குப் பணம் கட்டும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலையைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் நான் செய்தது, மனதைத் தேற்றிக்கொண்டு, பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு ரிலொகேஷன் நிறுவனத்தில் கோஆர்டினேட்டராகச் சேர்ந்தேன். வேலையை விடாமல் பழைய அனுபவத்தை வைத்தே நேராக இந்தப் பதவிக்கு விண்ணப்பித்திருக்கலாம் என்று அங்கே என்னைத் தேர்ந்தெடுத்தவரே சொன்னார். டிக்கெட், விசா கடிதம், தற்காலிகத் தங்கல் என்று நான் செய்துவந்ததெல்லாம் இந்த வேலையின் முதல் படிதான், எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்களில் யாராவது டிராவல் டெஸ்க், சம்பளப் பட்டியல், வீட்டு வாடகை, ஏற்றுமதி இறக்குமதி இப்படி எதிலாவது இருந்தால், நீங்கள் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

சேர்ந்த இரண்டாவது வாரம் சாமான் கட்டும் ஆட்களோடு ஒரு நாள் முழுக்க நிற்கச் சொன்னார்கள். வகுப்பில் உட்கார்ந்து கிடைக்காத பாடம் அது. வீட்டைச் சுற்றிப் பார்த்து எத்தனை கன மீட்டர் வரும் என்று அந்த மேற்பார்வையாளர் கண்ணாலேயே சொன்னார். இருபது அடி கன்டெய்னரின் உள்ளளவு 33 கன மீட்டர்தான், கட்டில் சோபா எல்லாம் அதை முழுதாக நிரப்பாது, இடைவெளி விழும் என்று காட்டிக்கொடுத்தார். மரப்பெட்டியில் ஒரு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பூச்சி பரவாமல் இருக்க மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, அல்லது அங்கீகரிக்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. இல்லாவிட்டால் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். வீட்டுக்காரர் தானே கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளைத் தனியாகக் குறிக்கச் சொன்னார், அதற்குள் உடைந்தால் காப்பீடு பெரும்பாலும் தராது. அதன் பிறகு ஒரு குடும்பத்திடம் "கண்ணாடிச் சாமானை நீங்களே கட்ட வேண்டாம்" என்று சொல்லும்போது, காரணத்தோடு சொல்ல முடிந்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் கட்டும் ஆட்களோடும், ஒரு நாள் வீடு காட்டுபவரோடும், ஒரு நாள் சம்பளக் கணக்காளரோடும் உட்கார வாய்ப்புக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

என்னை நிஜமாகவே பயிற்றுவித்தது ஒரு நாய். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டுக்குப் போகும் குடும்பம். ஒன்பது வயது மகளுக்கு அந்த நாய்தான் உலகம். தடுப்பூசிச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார்கள், பட்டியலில் டிக் அடித்துவிட்டேன். சான்றில் இருந்த தேதிகளை நான் படிக்கவில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட பிறகுதான் மைக்ரோசிப் வைத்திருந்தார்கள். ஐரோப்பிய விதிப்படி சிப் முதலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊசி கணக்கில் வராது. மறுபடி ஊசி போட வேண்டும். அவர்கள் கிளம்பும் நாடு வெறிநோய்க்கான விலக்குப் பட்டியலில் இல்லாததால், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, நோய் எதிர்ப்புப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்கிறது என்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் நிரூபித்து, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பயணத்துக்கு அப்போது மூன்று வாரம்தான் இருந்தது.

அந்தக் குடும்பம் நாயைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போனது. விமான நிலையத்திலிருந்து அப்பா போன் செய்தபோது பின்னால் அந்தக் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல, அடுத்தது என்னன்னு பாருங்க" என்றார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அன்றிரவு தூங்கவில்லை. மறுநாளே மேலாளரிடம் போய் என் கவனக்குறைவுதான் என்று சொன்னேன், இரண்டாவது பயணத்துக்கு ஆன செலவை எங்கள் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஐந்தாவது மாதம் நாய் போய்ச் சேர்ந்ததும் அந்தக் குழந்தை அதைக் கட்டிக்கொண்டிருக்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து எந்த ஆவணத்தையும் "இருக்கிறதா" என்று நான் கேட்பதில்லை. கையில் வாங்கி, ஒவ்வொரு தேதியையும் வரிசையாக எழுதி, பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்க்கிறேன். பாஸ்போர்ட் காலாவதி, திருமணச் சான்றுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் அந்தச் சான்றை ஏற்க அரசு வைக்கும் முத்திரை), பள்ளிச் சேர்க்கைக் கெடு எல்லாமே இப்படித்தான். அப்போஸ்டில் ஒப்பந்தம் சீனாவில் 2023-லும் கனடாவில் 2024-லும்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எழுதிவைத்த குறிப்பை நம்பி இன்று வேலை செய்தால் குடும்பத்தைத் தேவையில்லாமல் தூதரகத்துக்கு அலையவிடுவோம். விதியை ஒவ்வொரு முறையும் அந்தந்த அரசின் தளத்திலேயே புதிதாகப் பார்க்கும் பழக்கம் இந்த வேலைக்கு எந்தப் பட்டத்தைவிடவும் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, புதிதாக வருபவர்கள் ஆர்வத்தில் எல்லை தாண்டிவிடுவார்கள். "எனக்கு எந்த விசா சரியா இருக்கும்?" என்று ஊழியர் கேட்பார். தெரிந்திருக்கும், சொல்லிவிடத் தோன்றும். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கட்டணம் பெற்றுக் குடியேற்ற ஆலோசனை சொல்ல, வழக்கறிஞராகவோ பதிவு பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். நல்லெண்ணத்தில் சொன்னாலும் சட்டத்தின் முன் அது தப்பு. வரியிலும் அப்படித்தான், நாம் கேள்வியைச் சரியாகக் கேட்டு உரியவரிடம் கொண்டுபோக வேண்டியவர்கள். 15-ஆம் பிரிவைப் படித்துவைத்திருப்பது பதில் சொல்வதற்காக இல்லை. "அவர் போவது ஐந்து மாதம்தான், ஆனால் செலவைக் கிளை ஏற்கிறது, பாருங்கள்" என்று வரி ஆலோசகரை நேரத்துக்கு எழுப்புவதற்காக.

மாலை நேரங்களில் வீட்டில் நானே படித்தேன். ஓ.ஈ.சி.டி. மாதிரி ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவும் அதன் விளக்கமும், சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் எப்படி வேலை செய்கின்றன, ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள் தங்கலாம் என்பதை எப்படி எண்ணுவது, எல்லாம் காசு செலவில்லாமல் படிக்கக் கிடைத்தவை. எக்செலில் ஒரு கற்பனை ஊழியரை உருவாக்கி, அவரை மனைவி இரண்டு குழந்தைகளோடு மூன்று வருடம் வேறு நாட்டுக்கு அனுப்பினால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவைப் போட்டுப் பார்த்தேன். வீடு, பள்ளி, விடுமுறைப் பயணம், வரி, வரிக்கு வரி. முதல் முறை போட்டதை மேலாளரிடம் காட்டினேன், திரும்பி வரும் செலவை விட்டுவிட்டாய் என்றார். எட்டாவது முறை காட்டியபோது, நிஜமான ஒரு கோப்பை என்னிடம் கொடுத்தார்.

இரண்டரை வருடம் கழித்துத்தான் ஜி.எம்.எஸ். எடுத்தேன். கட்டணத்தை நிறுவனமே கட்டியது. கேட்டால் கட்டுவார்கள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நேர்காணலிலேயே, சேரும் முன்பே, சான்றிதழுக்கு உதவி உண்டா என்று கேட்டுவிடுங்கள். அதைப் புதுப்பிக்கத் தொடர்ந்து கல்வி நேரம் சேர்க்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே கேளுங்கள். பாடங்களைப் புரட்டும்போது மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே வரவில்லை. வரியைச் சமன்செய்தல், அதாவது வெளிநாடு போனாலும் ஊழியரின் வரிச்சுமை சொந்த நாட்டில் இருந்த அளவிலேயே இருக்கச் செய்வது, என்று வந்தால் ஒரு பொறியாளரின் முகம் நினைவுக்கு வந்தது, குறுகிய கால அசைன்மென்ட் என்றால் கர்ப்பிணி மனைவியைத் தனியே விட்டுப் போன ஒரு இளைஞர், தாயகம் திரும்புதல் என்றால் பழைய பள்ளியில் இடம் கிடைக்காமல் திண்டாடிய இரட்டையர்கள்.

அந்த டிப்ளமாவை இன்னும் வைத்திருக்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, இரண்டு படிப்புகளின் விளம்பரத்தைக் காட்டி, "அக்கா, இதுல எது நல்லது, லோன் போட்டுச் சேரலாமா?" என்று கேட்டாள். மேசை டிராயரிலிருந்து அந்த டிப்ளமாவையும் முப்பது விளம்பரத்துக்குக் கோடு போட்ட அந்தத் தாளையும் எடுத்து அவள் முன் வைத்தேன். அரை மணி நேரம் பேசினோம். லோன் வேண்டாம் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை சாமான் கட்டும் ஆட்களோடு அவளை அனுப்புகிறேன்.